முதலில் ஆட்டை விசாரிப்பவள்

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் காய்ச்சல்காரக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு யார் வந்தாலும், ரத்தம் எடுக்கும் ஜன்னலில் இருந்து வருகிற முதல் கேள்வி இதுதான்: "உங்க வீட்டு ஆடு நல்லா இருக்கா?"

புதிதாக வந்தவர்கள் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்ப்பார்கள், கேள்வி வேறு யாருக்கோ என்று. பழகினவர்கள், "நல்லா இருக்கு டெஸ்ட் அக்கா, உங்களத்தான் விசாரிச்சுச்சு" என்று சிரிப்பார்கள். கேட்கிறவள் சுராயா, எங்கள் லேப் டெக்னீஷியன். முப்பத்தாறு வயது, திருச்சி பாலக்கரைக்காரி, ஆட்டு வியாபாரி ரசூலின் மகள். புருஷன் வசீம் ஷார்ஜாவில், மகள் சம்ரீன் எட்டாம் வகுப்பில், இவள் பாதி நேரம் பஸ்ஸில்.

அவளுக்கு அடுத்த ஜன்னல் என்னுடையது, மருந்து கொடுக்கிற ஜன்னல். பெயர் ரகுநந்தன், ஊர் ஸ்ரீரங்கம், ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம். முன்கோபி என்று என் மனைவி வத்ஸலா சொல்கிறாள். நான் அப்படி நினைக்கவில்லை. உலகத்தில் கோபப்பட வேண்டிய விஷயம் இவ்வளவு இருந்தால் நான் என்ன செய்ய முடியும்?

தினமும் காலையில் சுராயா சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ்ஸில் ஏறி, பக்கத்து சீட்டில் சாப்பாட்டுப் பையை வைத்துப் பிடித்துவிடுவாள். நான் மாம்பழச்சாலையில் ஏறுவேன். பதினோரு வருஷமாக அந்த சீட் என்னுடையது. அதற்காக அவள் எத்தனை பேரிடம் சண்டை போட்டிருக்கிறாள் என்பதற்குக் கணக்கில்லை. அவள் சாப்பாட்டை நான் தொடமாட்டேன், கொய்யாப்பழம் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன். வத்ஸலாவின் புளியோதரையை அவள் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டுவிட்டு, "அடுத்த தடவ நல்லெண்ணெய் இன்னுங் கொஞ்சம் ஊத்தச் சொல்லுங்க சார்" என்பாள். இதை நான் வீட்டில் சொன்னதே இல்லை. எனக்கு உயிர் மேல் ஆசை இருக்கிறது.

இந்த ஆட்டு விசாரணை எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் மண்ணச்சநல்லூர் தாண்டும்போது கேட்டேன். அவள் பள்ளிக்கூடம் படிக்கும்போது அவள் அத்தா ரசூலுக்கு ஒரு காய்ச்சல் வந்ததாம். பகலில் சந்தைக்குப் போய் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருப்பார், சாயந்தரமானால் உடம்பு அனலாகும், ராத்திரி வேர்த்துப் பாய் தெப்பமாகும். பத்து நாள் சரியாகிவிடும், மறுபடி வரும். டைபாய்டு என்றார்கள், மலேரியா என்றார்கள், காசநோய் என்றார்கள். ஏழு மாதம் இப்படியே போனது. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் நாடியைக்கூடப் பிடிக்காமல், "பாய், நீங்க என்ன தொழில் பாக்குறீங்க?" என்று கேட்டாராம். ஆடு என்றதும் சிரித்துவிட்டு ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். ஆட்டிடம் இருந்து வந்த காய்ச்சல். ஆறு வாரம் மருந்து, அதோடு சரி.

"ஏழு மாசம் எல்லாரும் ரத்தத்தக் கேட்டாங்க சார். அத்தாவ யாரும் கேக்கல" என்றாள் சுராயா. அதற்காகத்தான் லேப் படிப்பு படித்தாளாம். எனக்குக் கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் வரிசை நீளும் காலை நேரத்தில் இவள் ஆட்டின் க்ஷேமலாபங்களை விசாரித்துக்கொண்டிருந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்படிப் பற்றிக்கொண்டு வந்த ஒரு வெள்ளிக்கிழமையைத்தான் சொல்லப் போகிறேன்.

மார்கழி மாதம். ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் ஆரம்பித்து, பஸ்ஸைப் பிடிக்கவே நான் பாதி ஊரைச் சுற்றி வந்திருந்தேன். பச்சைமலையில் இருந்து வள்ளிக்கண்ணு என்ற பெண் தன் நாலு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். மகள் பெயர் தன்ஷிகா, கூப்பிடுவது தன்சி. சிகிச்சைக்கு வரவில்லை. ஒரு பரிந்துரைக் கடிதத்தில் எங்கள் டாக்டரின் கையெழுத்து வேண்டும், அவ்வளவுதான்.

கடிதம் என்னவென்றால், வருகிற வியாழக்கிழமை திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் அந்தக் குழந்தையின் இடுப்பு மூட்டைத் திறந்து கழுவப் போகிறார்கள். இரண்டு மாதமாக விட்டு விட்டுக் காய்ச்சல். கார்த்திகையில் இடது காலை ஊன்ற முடியாமல் நொண்ட ஆரம்பித்தாள். இப்போது நடப்பதே இல்லை. மூட்டில் நீர் கோத்திருக்கிறது. ஆபரேஷன் செய்தாலும் கால் பழையபடி வருமா என்று உறுதி சொல்ல முடியாது என்று அங்கே சொல்லியிருந்தார்கள். இதையெல்லாம் வள்ளிக்கண்ணு சொல்லவில்லை, அவள் நீட்டிய தாள்கள் சொல்லின. அவள் வாயில் இருந்து "ஆமாங்க", "இல்லீங்க" தவிர எதுவும் வரவில்லை.

ஆபரேஷனுக்கு முன் ரத்தம் எந்த வகை என்று பார்க்க வேண்டும் என்பதால் சுராயாவின் ஜன்னலுக்குப் போனாள்.

"ஆடு நல்லா இருக்கா?"

"நல்லா இருக்குங்க."

குழந்தையை மடியில் உட்கார வைக்கும்போது வள்ளிக்கண்ணுவின் பை சரிந்து துணிகள் கீழே விழுந்தன. மூன்று கவுன்கள், எல்லாம் குழந்தையுடையது. சுராயா அவற்றை எடுத்துக் கொடுத்தவள், கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"காலைல வந்து மதியானம் திரும்பப் போறீங்க. எதுக்கு மூணு கவுன்?"

"நனைச்சுப்புடுதுங்க."

"ஒண்ணுக்குப் போயா?"

"இல்லீங்க. வேர்வைல."

மலையில் அந்த மாதம் ஆளை விறைக்க வைக்கும் குளிர். பெரியவர்களே கம்பளியை விட்டு வெளியே வரமாட்டார்கள். சுராயா குழந்தையின் பின் கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள். முடி கழுத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அவள் முகம் மாறியது தெரிந்தது. எனக்கு முன்னால் பதினேழு பேர் நின்றார்கள் என்பதும் தெரிந்தது.

"சுராயா, வரிசை நகரணும்" என்றேன்.

"நகரட்டும் சார்" என்று சொல்லிவிட்டு அவள் ஒரு நாற்காலியை இழுத்து வள்ளிக்கண்ணுவின் எதிரில் உட்கார்ந்தாள். "உங்க ஆடு எத்தன பல்லு போட்டிருக்கு?"

வள்ளிக்கண்ணு நிமிர்ந்து பார்த்தாள். "நாலு பல்லுங்க."

"காது தொங்குமா, நிக்குமா?"

"தொங்கும். வெள்ளைல செம்புள்ளி."

"மடி?"

இங்கேதான் அதிசயம் நடந்தது. வந்ததில் இருந்து வாயைத் திறக்காதவள் பேச ஆரம்பித்தாள். மடி சொம்பு மாதிரி இருக்குமாம். பக்கத்து வீட்டு ஆடு மூன்று வேளை தின்றாலும் இது தருகிற பாலில் பாதிகூடத் தராதாம். மழை வரப் போகிறது என்றால் இதற்கு முதலில் தெரிந்துவிடுமாம். தன்சிக்குக் காது குத்தியபோது அவளுடைய அண்ணன் சீராகக் கொடுத்த ஆடு அது. மாமன் கொடுத்ததால் பெயரே மாமன் ஆடு. பெட்டை ஆட்டுக்கு மாமன் என்று பெயர் வைத்த வீட்டை நான் அன்றுதான் பார்த்தேன்.

சுராயாவும் சளைக்கவில்லை. பாலக்கரையில் அவள் அத்தா வாங்கி ஏமாந்த ஒரு கிடாயைப் பற்றிச் சொன்னாள். இரண்டு பேரும் ஏதோ ஒரே ஊரில் வாக்கப்பட்ட நாத்தனார்கள் மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். வரிசையில் இருந்தவர்களும் கோபப்படாமல் கிட்ட வந்து நின்று கேட்டார்கள். இரண்டு பேர் தங்கள் ஆட்டைப் பற்றியும் சேர்த்துச் சொன்னார்கள். பெருமாளே என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

"தன்சிக்கு அந்தப் பால் குடுப்பீங்களா?" என்று சுராயா சாதாரணமாகக் கேட்டாள்.

"இல்லீங்க. பாக்கெட் பாலுதான், காச்சித்தான் குடுப்பேன். ஆட்டுப் பாலு டீக்கு."

நான் பெருமூச்சு விட்டேன். அதுதான் பதில் வந்துவிட்டதே, இன்னும் என்ன?

சுராயா விடவில்லை. பிறகு குழந்தையைப் பார்த்துத் தன் வலது கையை அந்தரத்தில் நீட்டி, விரல்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக மடக்கி, பால் கறக்கிற மாதிரி இழுத்தாள். வாயால், "சர்ர்... சர்ர்..." என்றாள்.

அதுவரை சிணுங்கிக்கொண்டிருந்த தன்சி சிணுங்கலை நிறுத்தினாள். தலையைப் பின்னால் சாய்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு வாயை ஆவென்று திறந்தாள்.

கூடியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள், நானும் சிரித்தேன், வள்ளிக்கண்ணுவே சிரித்தாள். சுராயா மட்டும் சிரிக்கவில்லை.

"கறக்கும்போது புள்ள எங்க உக்காந்திருப்பா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"மடிக்குக் கீழதாங்க" என்றாள் வள்ளிக்கண்ணு, இன்னும் சிரித்தபடி. "மொதப் பீச்சு அவ வாய்க்குத்தான். மாமன் சீர் ஆடுங்களே, யாருக்குன்னு வந்துச்சோ அவங்களுக்கு மொதப் பாலு பாத்திரம் படாமப் போகணும்னு எங்க வீட்ல ஒரு பழக்கம். அது பால் குடுக்கறதாங்க? சும்மா, வெளையாட்டுக்கு."

சுராயா எழுந்து அலமாரியில் இருந்து ஒரு காகிதக் கட்டு எடுத்து வந்தாள். ஐப்பசியில் மலையில் நடந்த காய்ச்சல் முகாமின் படிவங்கள். அதில் தன்ஷிகாவின் தாளைத் தேடி எடுத்து என் முன்னால் வைத்தாள். "பாலைக் காய்ச்சிக் கொடுக்கிறீர்களா?" என்ற கேள்விக்கு நேராக "ஆம்" என்பதில் ஒரு டிக். பக்கத்தில் என் சுருக்கக் கையெழுத்து. அந்த முகாமில் படிவம் எழுதியவன் நான்தான்.

அவள் வாய்விட்டுக் குற்றம் சொல்லியிருந்தால் நான் திருப்பிச் சொல்லியிருப்பேன். நான் பிறந்து வளர்ந்த வீட்டில் பால் என்றால் அது காய்ந்துதான் இருக்கும். காய்ச்சாத பால் பெருமாளின் திருமஞ்சனத்துக்குப் போகும், மனுஷன் வாய்க்குப் போகாது. ஒரு குழந்தை ஆட்டு மடிக்குக் கீழே உட்கார்ந்து வாயைத் திறந்து வைத்திருக்கும் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை. நான் என் வீட்டுப் பாலைப் பற்றிக் கேட்டேன், அவள் தன் வீட்டுப் பாலைப் பற்றிச் சொன்னாள். கேட்டது கோணலாக இருந்தால் பதில் மட்டும் எப்படி நேராக வரும்? அன்று முகாமில் நான் சரியாகக் கேட்டிருந்தால் அந்தக் குழந்தை நொண்டியே இருக்கமாட்டாள். எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது.

சுராயா மறுபடி வள்ளிக்கண்ணுவின் எதிரில் போய் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப நெசத்தச் சொல்லுங்க. ஆடு நல்லா இருக்கா?"

வள்ளிக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டாள். "புரட்டாசில மாசம் நெறையாமலே குட்டிய வீசிடுச்சுங்க. ரெண்டு குட்டி. ரெண்டுமே உசுரில்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வெளிய சொன்னா எங்க அண்ணன் கை ராசியில்லன்னு பேசுவாங்க. அதான் யாருகிட்டயும் சொல்லல. பாலு மட்டும் நின்னு போகல."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். ஆடு குறையாக வீசியது, கறந்த பால் அப்படியே குழந்தை வாய்க்குள் போனது, சாயந்தரக் காய்ச்சல், குளிரில் வேர்வை, மூட்டு வலி. எல்லாம் அந்த வீட்டு முற்றத்திலேயே இருந்தது. ஆறு தாள் எழுதிய நாங்கள் யாரும் முற்றத்தைக் கேட்கவில்லை.

சுராயா நேராக டாக்டர் பானுமதியின் அறைக்குள் போனாள். சின்ன வயது டாக்டர், ஒரு நாளைக்கு நூற்றைம்பது பேரைப் பார்க்கிறவர். இவள் சொன்னதைக் கேட்டதும் பேனாவை மூடி வைத்தார்.

"புருசெல்லோசிஸ்னு சொல்றீங்களா? ஆட்டுக் காய்ச்சல்?"

"நான் எங்க மேடம் சொல்றேன், அந்தப் புள்ள வாயத் தொறந்து சொல்லுது. ரத்தத்தப் பாத்துட்டுச் சொல்லுங்க."

பானுமதி குழந்தையைக் கிடத்தி வெகுநேரம் பார்த்தார். வயிற்றில் மண்ணீரல் கைக்குத் தட்டுப்பட்டது. மூட்டு வலித்தது, ஆனால் சிவந்து கொதிக்கவில்லை. ஆபரேஷன் செய்ய இருந்த டாக்டருக்கு உடனே போன் போட்டார். அவர் நல்ல மனிதர். வள்ளென்று விழாமல் கேட்டுக்கொண்டார். "மூட்டுல சீழ் புடிச்சிருந்தா நான் காத்திருக்க மாட்டேன் மேடம். ஸ்கேன்ல தண்ணி மாதிரிதான் இருக்கு. புதன்கிழமைக்குள்ள ரிசல்ட் குடுங்க. நடுவுல காய்ச்சல் ஏறினாலோ கால் சிவந்தாலோ ராத்திரின்னு பாக்காம கொண்டு வரச் சொல்லுங்க" என்றார்.

ரத்தம் திருச்சிக்குப் போக வேண்டும். எங்கள் ரத்தப் பெட்டி எடுக்கிற வண்டி திங்கட்கிழமைதான் வரும். சுராயா அதற்காகக் காத்திருக்கவில்லை. ஐஸ் பெட்டியில் வைத்து, மேலே சிவப்பு மையில் "ஆட்டு வீட்டுக் குழந்தை, புருசெல்லா சந்தேகம்" என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். இந்தக் கிருமி நிதானமாக வளரக்கூடியதாம். சொல்லி வைத்தால்தான் லேபில் கூடுதல் நாள் வைத்துப் பார்ப்பார்கள், அங்கே வேலை செய்கிறவர்களும் தங்களுக்கு ஒட்டாமல் பத்திரமாகக் கையாள்வார்கள்.

சாயந்தர பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண்டக்டர், "என்னக்கா, ஐஸ்கிரீமா? எங்களுக்கு இல்லியா?" என்றான்.

"இருக்கு தம்பி. ரத்தம். எந்த ஃப்ளேவர் வேணும்?"

அவன் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு முன் பக்கம் போனவன் நம்பர் ஒன் டோல்கேட் வரை திரும்பவில்லை. நான் மாம்பழச்சாலையில் இறங்கவில்லை. சத்திரம் வரை போய், அவளோடு ஆட்டோவில் ஏறி லேபில் பெட்டியைக் கொடுத்து ரசீது வாங்கும் வரை நின்றேன். வீட்டுக்குப் போனதும் வத்ஸலா, "ஏன்னா இவ்ளோ நேரம்? கோயில்ல இராப்பத்துக் கூட்டமா?" என்றாள். ஆட்டுப் பால் என்றேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் போன் வந்தது. சுராயா காதில் வைத்துக் கேட்டாள், "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள், உடனே, "சே, காய்ச்சலுக்குப் போய்ச் சொல்றேனே" என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் அது சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். புருசெல்லாதான் என்று பெயர் தெரிந்துவிட்டது, மருந்து இருக்கிறது, கத்தி வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரிக் குழந்தைகள் டாக்டரும் பானுமதியும் கலந்து பேசி இரண்டு மருந்துகள் எழுதினார்கள். மூட்டில் இறங்கியிருப்பதால் எட்டு வாரம், ஒரு வேளைகூட விடக்கூடாது. வியாழக்கிழமை ஆபரேஷனுக்குப் படுத்திருக்க வேண்டிய தன்சி, அந்த வியாழக்கிழமை என் ஜன்னலில் உட்கார்ந்து முதல் வேளை மருந்தை முகத்தைச் சுளித்துக் குடித்தாள்.

அதில் ஒரு மருந்து சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். பயந்துவிடக்கூடாது என்று வள்ளிக்கண்ணுவிடம் இரண்டு தடவை சொன்னேன். பயந்தது யார்? மூன்றாம் நாள் போன் வந்தது. எடுத்ததும், "டெஸ்ட் அக்கா! என் ஒண்ணுக்கு ஆரஞ்சு மிட்டாய்!" என்று ஒரு கத்தல். ஊரில் வேறு எந்தக் குழந்தைக்கும் அந்தப் பாக்கியம் இல்லை என்று அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை. சுராயா அதையே பிடித்துக்கொண்டாள். சனிக்கிழமைதோறும் கூப்பிட்டு, "இன்னிக்கு என்ன கலர்?" என்று கேட்பாள். ஆரஞ்சு என்றால் மருந்து உள்ளே போகிறது என்று அர்த்தம்.

ஆட்டின் கதை அவ்வளவு சுலபமாக முடியவில்லை. கால்நடை டாக்டர் தாஹா மலைக்குப் போய் ரத்தம் எடுத்துப் பார்த்தார். மாமன் ஆட்டுக்கு நோய் உறுதியானது, அந்த வீட்டில் இருந்த மற்ற இரண்டு ஆடுகளுக்கும் இல்லை. இனி அதை வைத்திருக்கக்கூடாது என்றார். சந்தையில் தள்ளிவிடலாமா என்று வள்ளிக்கண்ணு போனில் அழுதுகொண்டே கேட்டாள். எனக்கு அந்த அழுகையில் மனசு இளகி, போனால் போகிறது என்றுகூடத் தோன்றியது. சுராயா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டாள். "நீ வித்தா அது இன்னொரு வீட்டு முற்றத்துல நிக்கும். அங்கயும் ஒரு புள்ள வாயத் தொறந்து உக்காந்திருக்கும்." தாஹா ஆள் கூட்டிப் போய் வேதனை தெரியாமல் முடித்து, ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார். நஷ்டத்துக்கு ஏதாவது கிடைக்குமா என்று அவரே மனு எழுதிக் கொடுத்தார். அன்று சுராயா சாப்பாட்டுப் பையைத் திறக்கவே இல்லை. ஆட்டு வியாபாரி மகளுக்கு ஆட்டின் மேல் பாசம் இருக்காது என்று நினைக்கிறவன் மடையன்.

நான்காம் வாரம் சனிக்கிழமை. "என்ன கலர்?" என்று சுராயா கேட்டாள்.

"தண்ணிக் கலர்" என்றது மறுமுனை, சோகமாக.

சுராயா ஃபோனைத் தாயிடம் கொடுக்கச் சொன்னாள். வள்ளிக்கண்ணு கூசாமல் சொன்னாள்: "காச்சல்தான் போயிடுச்சேக்கா. ஓட ஆரம்பிச்சுட்டா. நல்லா இருக்கற புள்ளைக்கு எதுக்கு மருந்துன்னு மூணு நாளா நிறுத்திட்டேன்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. லீவு நாளில் என்னை எழுப்பி, உப்பிலியபுரம் போய், மலைக்குப் போகிற அந்த ஒற்றை பஸ்ஸுக்காக ஒன்றரை மணி நேரம் நிற்க வைத்தாள் அந்த ராட்சசி. வளைந்து வளைந்து ஏறும் பாதையில் என் வயிறு என்னோடு வந்ததா என்பதே சந்தேகம். போய்ச் சேர்ந்தால் மரவள்ளிக் காட்டு ஓரத்தில் தன்சி ஓடிக்கொண்டிருந்தாள். லேசாக ஒரு சாய்வு இருந்தது, ஆனால் ஓட்டம். நொண்டிக்கூட நடக்காத குழந்தையை நான் பார்த்திருக்கிறேன்.

சுராயா அந்த ஓட்டத்துக்கெல்லாம் மயங்கவில்லை. "வள்ளி, ஒரு கிடாய் காட்டுக்குள்ள ஓடிப் போச்சு. கண்ணுக்குத் தெரியலங்கறதுக்காக அது ஊரை விட்டுப் போயிடுச்சுன்னு அர்த்தமா? புதருக்குள்ள படுத்திருக்கும். நீ அசந்த நேரம் மறுபடி வந்து பயிரை மேயும். அந்தக் காய்ச்சலும் அப்படித்தான். முழுசா விரட்டாம நிறுத்தினே, எலும்புக்குள்ள படுத்துக்கும். அப்புறம் எங்களாலயும் முடியாது."

வள்ளிக்கண்ணுவுக்கு டாக்டர் சொன்ன எட்டு வாரம் புரியவில்லை, இந்தக் கிடாய் புரிந்தது. உள்ளே போய் மருந்தை எடுத்து வந்தாள். நான் அளந்து கொடுத்தேன். விட்டுப்போன நாட்களைப் பற்றி பானுமதிக்கு அங்கிருந்தே சொன்னோம், அவர் கணக்கை நீட்டி வைத்தார்.

அப்போது வள்ளிக்கண்ணுவின் அண்ணனும் அங்கே இருந்தார். ஆடு போனதில் கோபமாக இருப்பார் என்று நான் பயந்தேன். அவரோ சுராயாவிடம், "ஆடு வீசுனத அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருந்தா புள்ள இவ்ளோ கஷ்டப்பட்டிருக்காதே மேடம். ராசியாவது ஒண்ணாவது" என்று தங்கையை முறைத்தார். ஆட்டுக்குப் பதிலாக இந்தத் தடவை சீராக ஒரு கோழி கொண்டுவந்திருந்தார். சுராயா அந்தக் கோழியை இரு கையாலும் தூக்கி, கண்ணைப் பார்த்து, கொண்டையைப் பார்த்து, பின்புறத்தையும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட அனுமதித்தாள்.

பங்குனி ஆரம்பத்தில் மருந்து முடிந்தது. கடைசிப் பரிசோதனைக்கு வள்ளிக்கண்ணு மகளோடு வந்தாள். இடுப்பில் தூக்கி வரவில்லை. வாசலில் இருந்து தன்சி நடந்தே வந்தாள், இரண்டு காலையும் சமமாக ஊன்றி. பையில் மாற்றுக் கவுன் ஒன்றுகூட இல்லை. பானுமதி காலை இடுப்போடு மடக்கி நீட்டிப் பார்த்து, வெளியே வந்து எல்லார் முன்னாலும் சுராயாவின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

நானும் ஒரு காரியம் செய்திருந்தேன். முகாம் படிவத்தில் பால் பற்றிய அந்தக் கேள்வியை அடித்துவிட்டு என் கையாலேயே வேறு எழுதி, பானுமதியின் ஒப்புதலோடு நூறு பிரதி எடுத்து வைத்திருந்தேன்: "கறக்கும்போது குழந்தை எங்கே இருக்கும்?" சுராயா அதைப் படித்துவிட்டு, "பரவால்ல சார், தேறிட்டீங்க" என்றாள். பதினோரு வருஷத்தில் அவளிடம் நான் வாங்கிய முதல் பாராட்டு.

கிளம்பும் நேரத்தில் சுராயாவுக்குக் குறும்பு வந்தது. தன்சியை நாற்காலியில் நிறுத்தி, கையை அந்தரத்தில் நீட்டி, விரல்களை மடக்கி இழுத்தாள். "சர்ர்... சர்ர்..."

தன்சி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். விரல் இடுக்கு வழியாகக் கறாராக ஒரு கேள்வி வந்தது. "காச்சுனீங்களா?"

வரிசையே சிரித்தது. வள்ளிக்கண்ணு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். நானும் சிரித்தபடி சுராயாவைப் பார்த்தேன்.

சுராயா சிரிப்பை நிறுத்திவிட்டு வரிசையின் கடைசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே பெஞ்சில் ஒரு தாயின் மடியில் இரண்டு வயதுப் பையன், காய்ச்சலுக்கு வந்தவன். அந்தச் சத்தத்துக்குத் தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடி, வாயை ஆவென்று திறந்து வைத்திருந்தான்.

நான் புதுப் படிவத்தில் ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினேன். அவள் அதை வாங்கிக்கொண்டு நாற்காலியை இழுத்தபடி பெஞ்சுப் பக்கம் போனாள்.

"வாங்கம்மா, கிட்ட வாங்க. உங்க வீட்டு ஆடு நல்லா இருக்கா?"